எழுவாயின் இடம் காலியாக இருக்கக் கூடாதா?

தேவகோட்டைப் பக்கம் ஒரு பள்ளியில் ஆங்கிலம் கற்பிக்கும் ஆசிரியை ஒருவர் கேட்டிருக்கும் கேள்வியின் சுருக்கம் இது. ‘மழை பெய்கிறது’ என்பதை ஆங்கிலத்தில் எழுதச் சொன்னால் அவருடைய மாணவர்கள் ‘இஸ் ரெய்னிங்’ என்று எழுதுகிறார்கள். முன்னால் ‘இட்’ போட வேண்டும் என்று திருத்துகிறார். அந்த ‘இட்’ எதைக் குறிக்கிறது என்று ஒரு பையன் கேட்டிருக்கிறான். அஞ்சல் வழியில் முதுகலை படித்தபோது, ‘எல்லா வாக்கியங்களிலும் எழுவாய் இடம் நிரம்பியிருக்க வேண்டும்’ என்று ஆக்கமுறை இலக்கணம் (சோம்ஸ்கி தொடங்கிவைத்த மொழியியல் கோட்பாடு) சொல்வதாக அவர் படித்திருக்கிறார். ஏன் என்று பாடநூல் சொல்லவில்லை. அந்த விதி தமிழுக்கும் பொருந்துமா, பொருந்தும் என்றால் ‘எனக்கு அவனைப் பிடிக்கும்’ என்பதில் எழுவாய் எங்கே, ஆங்கிலேயர்களே ‘லுக்ஸ் லைக் ரெயின்’ என்று எழுதுகிறார்களே, அது எப்படி என்றும் சேர்த்துக் கேட்டிருக்கிறார்.

காரைக்குடியில் மொழியியல் கற்பித்து வந்தவன் என்ற முறையில் எழுதுகிறேன். உங்கள் கேள்விக்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. வினை நடக்க ஒரு செய்பவன் வேண்டும் என்பது ஒன்று. வாக்கியத்தின் அமைப்பில் எழுவாய்க்கென்று ஓர் இடம் இருக்கிறது, யாரும் எதுவும் செய்யாவிட்டாலும் அந்த இடத்தில் ஏதாவது ஒரு சொல் உட்கார்ந்தே தீர வேண்டும் என்பது இன்னொன்று. முதலாவது பொருளைப் பற்றியது. இரண்டாவது வடிவத்தைப் பற்றியது. பாடநூல்கள் பெரும்பாலும் இந்த இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லிவிடுவதால்தான் குழப்பம் வருகிறது. நீங்கள் கேட்பது இரண்டாவது. அதற்கு இதுவரை எல்லோரும் ஒப்புக்கொண்ட விடை கிடையாது. ஆனால் கேள்வி பொய்யானது அல்ல. அதன் பின்னால் உறுதியான தரவுகள் இருக்கின்றன. அவற்றிலிருந்து தொடங்குகிறேன்.

அமெரிக்க மொழியியலாளர் நோம் சோம்ஸ்கி 1981-இல் ப்ரொஜெக்ஷன் ப்ரின்சிபிள் என்ற ஒரு விதியை முன்வைத்தார். ஒரு வினைச்சொல் தனக்கு என்னென்ன துணைகள் வேண்டும் என்று கேட்கிறதோ, அவை வாக்கிய அமைப்பின் எல்லா நிலைகளிலும் இருக்க வேண்டும் என்பது அதன் சாரம். ‘கொடு’ என்றால் கொடுப்பவர், கொடுக்கும் பொருள், பெறுபவர் மூவரும் கணக்கில் வர வேண்டும். இது நமக்குப் புதிதல்ல. செய்பவன், கருவி, நிலம், செயல், காலம், செய்பொருள் ஆகிய ஆறையும் தருவது வினை என்று நன்னூல் சொல்கிறது. பார்வை வேறு, காலம் வேறு. ஆனால் வினையிலிருந்தே பங்கேற்பவர்களைக் கணக்கெடுக்கலாம் என்ற எண்ணம் இரண்டிலும் இருக்கிறது. அடுத்த ஆண்டு, 1982-இல், சோம்ஸ்கி அந்த விதியோடு இன்னொன்றைச் சேர்த்தார்: வினை கேட்டாலும் கேட்காவிட்டாலும் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் எழுவாய் இருக்க வேண்டும். இரண்டும் சேர்ந்ததற்கு எக்ஸ்டென்டட் ப்ரொஜெக்ஷன் ப்ரின்சிபிள் என்று பெயர். சுருக்கமாக ஈபிபி. இந்த இரண்டாம் பாதி முதல் பாதியிலிருந்து பிறக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். மேலே ஒட்டவைத்தார்கள், அவ்வளவுதான். உங்கள் பாடநூல் காரணம் சொல்லாமல் விட்டதற்கு இதுவே காரணம்; விதியை முன்வைத்தபோதே அதற்குக் காரணம் சொல்லப்படவில்லை.

பிறகு ஏன் ஒட்டவைத்தார்கள்? ஆங்கிலம் அப்படி நடந்துகொள்வதால். இங்கே உங்கள் மழை உதாரணத்தை ஓரமாக வைக்கச் சொல்வேன், ஏனென்றால் அது வலுவான சாட்சி அல்ல. மழைக்கு வரும் ‘இட்’ முழுக்க வெற்றுச் சொல் என்று அடித்துச் சொல்ல முடியாது. ‘இட் சம்டைம்ஸ் ரெயின்ஸ் ஆஃப்டர் ஸ்னோயிங்’ என்ற வாக்கியத்தில் பனி பெய்வதற்கும் மழை பெய்வதற்கும் ஒரே ‘இட்’ பொதுவாக நிற்கிறது. வெறும் அடைப்புச் சொல்லாக இருந்தால் அது அப்படி இரண்டு வினைகளுக்கு எழுவாயாகப் பொறுப்பேற்காது. அதனால் சோம்ஸ்கியே இதைப் பாதி பொருளுள்ள எழுவாயாகத்தான் வைத்தார். உங்கள் மாணவன் கேட்ட கேள்விக்கு, ‘ஒன்றையும் குறிக்கவில்லை என்று சொல்வாரும் உண்டு, வானிலை, சூழல் போன்ற ஏதோ ஒன்றை மங்கலாகக் குறிக்கிறது என்பாரும் உண்டு’ என்று சொல்லிவிடலாம். நல்ல கேள்வி கேட்டிருக்கிறான் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

வலுவான சாட்சி ‘தேர்’ என்ற ஆங்கிலச் சொல்லிடம் இருக்கிறது. ‘தேர் இஸ் எ ஸ்னேக் இன் தி கார்டன்’ என்கிறோம். பாம்பு இரண்டானால் ‘தேர் ஆர் டூ ஸ்னேக்ஸ்’ என்று வினை மாறுகிறது. (பேச்சில் ‘தேர்ஸ் டூ’ என்றும் வரும், எழுத்து வழக்கைச் சொல்கிறேன்.) ‘இஸ்’, ‘ஆர்’ என்ற மாற்றத்தை ஆட்டிவைப்பது பின்னால் நிற்கும் பாம்பு, முன்னால் நிற்கும் ‘தேர்’ அல்ல. ஆக, வினையோடு இயைபு கொள்ளும் வேலையைப் பாம்பு பார்த்துவிட்டது. இருக்கும் பொருள் எது என்று சொல்லும் வேலையையும் அதுவே பார்த்துவிட்டது. இனி ஒரு வேலையும் பாக்கி இல்லை. அப்படியும் ‘தேர்’ இல்லாமல் ‘இஸ் எ ஸ்னேக் இன் தி கார்டன்’ என்று கூற்றாகச் சொல்ல முடியவில்லை. பொருளும் கேட்காத, இயைபும் கேட்காத ஒரு சொல் எதற்காக அங்கே வந்து நிற்கிறது? இடத்தை நிரப்புவதற்காக என்பதைத் தவிர வேறு விடை சொல்வது கடினம்.

இன்னும் ஒரு படி போகலாம். ‘ஐ எக்ஸ்பெக்ட் தேர் டு பி எ ப்ராப்ளம்’ என்பதில் ‘டு பி’ என்பது எச்ச வடிவம். அதற்கு இயைபே கிடையாது. அங்கேயும் ‘தேர்’ வேண்டியிருக்கிறது. எடுத்துவிட்டால் ‘நானே ஒரு சிக்கலாக இருப்பேன் என்று எதிர்பார்க்கிறேன்’ என்று பொருளே தடம் மாறிவிடும். ‘இட் சீம்ஸ் தட்’ என்று தொடங்கும் வாக்கியங்களும் இதே வகை. ஆகவே ஆங்கிலத்தைப் பொறுத்தவரை, எழுவாய் இடம் காதில் விழும் ஒரு சொல்லால் நிரம்பியிருக்க வேண்டும் என்பது கோட்பாட்டுக்காரர்களின் கற்பனை அல்ல. இது உறுதியான செய்தி. எந்தக் கட்சிக்காரரும் இதை மறுப்பதில்லை. சண்டையெல்லாம் இது ஏன் என்பதிலும், உலகின் எல்லா மொழிகளுக்கும் இது உண்டா என்பதிலும்தான்.

எல்லா மொழிகளிலும் காதில் விழும் எழுவாய் தேவையில்லை என்பதும் உறுதி. டேவிட் பெர்ல்மட்டர் 1971-லேயே இந்த வேறுபாட்டைச் சுட்டிக்காட்டினார். இத்தாலிய மொழியில் மழை பெய்கிறது என்பதற்கு ‘பியோவே’ என்ற ஒற்றை வினை போதும். ஜெர்மன் இன்னும் சுவாரஸ்யமானது. அங்கே ஆட்டம் நடந்தது என்பதற்கு ‘எஸ் வுர்டெ கெடான்ஸ்ட்’ என்பார்கள். இந்த ‘எஸ்’ ஆங்கில ‘இட்’ போலவே தோன்றும். ஆனால் வாக்கியத்தின் முன்னால் ‘இன்று’ என்ற சொல்லை வைத்தவுடன் ‘எஸ்’ மறைந்துவிடுகிறது. ‘ஏனென்றால்’ என்று தொடங்கும் துணை வாக்கியத்திலும் அது வருவதில்லை. அதாவது ஜெர்மன் கேட்பது வாக்கியத்தின் முதல் இடத்தில் ஏதாவது ஒன்றை; எழுவாயை அல்ல. பார்வைக்கு ஒன்றாகத் தெரியும் இரண்டு அடைப்புச் சொற்கள் இரண்டு வேறு காரணங்களுக்காக வந்து நிற்கின்றன. ஈபிபி என்ற ஒரே பெயருக்குக் கீழே பல சங்கதிகள் அடைபட்டிருக்கின்றன என்ற சந்தேகம் எனக்கு முதலில் ஜெர்மனைப் பார்த்துத்தான் வந்தது.

இனி நம் வீட்டுக்கு வருவோம். செட்டிநாட்டில் பர்மாவுக்கும் மலேயாவுக்கும் கொண்டுவிக்க, அதாவது தொழில் செய்யப் போனவர்கள் எழுதிய கடிதங்களைப் பல வீடுகளில் இரும்புப் பெட்டியில் கட்டுக்கட்டாக வைத்திருப்பார்கள். இலக்கணம் படிக்க அவற்றைவிடச் சிறந்த பாடநூல் எனக்குத் தெரியவில்லை. அந்த நடையில் நாலு வரி எழுதிக்காட்டுகிறேன்: “கடிதம் கிடைத்தது. விவரம் தெரிந்துகொண்டேன். பணம் அனுப்பியிருக்கிறேன். கிடைத்ததும் பதில் எழுதவும். ஊரில் இந்த வருஷம் நல்ல மழை என்று தெரிகிறது. தம்பிக்கு இந்த ஊரைப் பிடிக்கவில்லை.” ஆறு வாக்கியங்கள். வெளிப்படையான எழுவாய் முதல் வாக்கியத்தில் மட்டும்தான் இருக்கிறது: கடிதம். மற்ற ஐந்திலும் முதல் வேற்றுமையில் நின்று முற்று வினையோடு இயையும் பெயரே இல்லை. ஆனால் அந்த ஐந்தும் ஒரே ரகம் அல்ல. அதைப் பிரித்துப் பார்த்தால் உங்கள் இரண்டாம் கேள்விக்கு விடை பாதி கிடைத்துவிடும்.

‘தெரிந்துகொண்டேன்’, ‘அனுப்பியிருக்கிறேன்’ என்பவற்றில் ‘நான்’ மறைந்திருக்கிறது. வேண்டுமானால் வெளியே எடுத்து வைக்கலாம். பள்ளி இலக்கணத்தில் இதைத் தோன்றா எழுவாய் என்கிறோம். ஆக்கமுறை இலக்கணம் இதே இடத்தில் ஒலியில்லாத ஒரு பெயர் இருப்பதாகக் கொள்கிறது. ‘-ஏன்’ என்ற விகுதி அது யார் என்று காட்டிக்கொடுப்பதால்தான் அதை விட முடிகிறது என்பது பலரும் சொல்லும் விளக்கம். இத்தாலியத்தை வைத்து இந்த விளக்கம் வளர்ந்தது. லூயிஜி ரிட்ஸி 1982-இல் வெளியிட்ட ஆய்வு இதில் முக்கியமானது. ஆங்கில வினையில் விகுதி தேய்ந்து போய்விட்டதால் அங்கே விட முடியவில்லை என்றும் இதோடு சேர்த்துச் சொல்வார்கள். கேட்பதற்கு நன்றாகத்தான் இருக்கிறது.

ஆனால் அடுத்த வரியைப் பாருங்கள்: ‘பதில் எழுதவும்.’ இதில் விகுதி யாரையும் காட்டவில்லை. இருந்தும் எழுத வேண்டியவர் யார் என்பதில் கடிதம் பெற்றவருக்குச் சந்தேகம் வராது. ஏவல் வாக்கியம் என்று இதை விலக்கினாலும், ‘வரவில்லை’ இருக்கிறது, ‘வரலாம்’ இருக்கிறது, ‘வர வேண்டும்’ இருக்கிறது. நான், நீ, அவன், அவர்கள் எல்லோருக்கும் ஒரே வடிவம். “நேற்றுக் கோவிலூருக்குப் போனீர்களா?” என்று கேட்டால் “போகவில்லை” என்று முடித்துவிடுகிறோம். இங்கே எந்த விகுதி காட்டிக்கொடுத்தது? சாப்பிட்டாயிற்றா என்று கேட்பது நம் ஊரில் நலம் விசாரிப்பதற்குச் சமம். அந்தச் சொல்லின் விகுதி அஃறிணை ஒருமை. “நான் சாப்பிட்டாயிற்று” என்று ஆச்சி பதில் சொல்லும்போது எழுவாய் தன்மையில் நிற்கிறது, வினை அஃறிணையில் முடிகிறது. அந்த ‘நான்’ என்பதையும் விட்டுவிடலாம், விட்டுவிடுவதுதான் வழக்கம். மலையாளத்தில் நானா, நீயா, அவனா என்று காட்டும் விகுதியே வினைக்குக் கிடையாது. அங்கேயும் எழுவாயைத் தாராளமாக விடுகிறார்கள். சீனத்திலும் அப்படியே என்பதை ஜேம்ஸ் ஹுவாங் 1984-இல் எடுத்துக்காட்டி, சூழலே அந்தப் பெயரைத் தருகிறது என்று வாதிட்டார். ஆகவே ‘தமிழில் விகுதி இருக்கிறது, அதனால் எழுவாய் வேண்டாம்’ என்ற ஒரு வரி விளக்கத்தை மாணவர்களுக்குச் சொல்லாதீர்கள். தமிழுக்கே அது பாதிதான் பொருந்துகிறது.

இதுவரை பார்த்தவற்றில் எழுவாய் இருக்கிறது, சொல்லவில்லை. கடிதத்தின் கடைசி இரண்டு வரிகள் அப்படி அல்ல. ‘நல்ல மழை என்று தெரிகிறது’ என்பதில் எது தெரிகிறது? ‘மழை என்று’ என்ற பகுதியே எழுவாய் என்று சிலர் சொல்லக்கூடும். நான் ஒப்பமாட்டேன். ‘என்பது’ என்று முடிந்தால் அது பெயர். ‘என்பதை’, ‘என்பதற்கு’ என்று வேற்றுமை ஏற்கும். ‘என்று’ எந்த வேற்றுமையும் ஏற்காது, அது வினையெச்சம். ‘மழை வரும் போலிருக்கிறது’ என்ற வாக்கியமும் இப்படித்தான். வானம் பார்த்த பூமியான நம் பகுதியில் ஐப்பசி வந்தால் எந்தத் திண்ணையிலும் காதில் விழும் வாக்கியம் அது. அதன் முன்னால் ‘அது’ என்ற சொல்லை எங்கே செருகினாலும் வாக்கியம் முறிந்துவிடும். ஆங்கிலத்தில் ‘இட்’ இல்லாவிட்டால் தவறு. தமிழில் அதற்கு ஈடாக ஒன்றைப் போட்டால் தவறு.

‘தம்பிக்கு இந்த ஊரைப் பிடிக்கவில்லை’ என்பது இன்னும் கூர்மையான சாட்சி. இது நீங்கள் கேட்ட ‘எனக்கு அவனைப் பிடிக்கும்’ என்பதன் உடன்பிறப்பு. ஒரு பெயர் நான்காம் வேற்றுமையில் இருக்கிறது, இன்னொன்று இரண்டாம் வேற்றுமையில். முதல் வேற்றுமையில் எதுவும் இல்லை. புதிதாக ஒன்றை உள்ளே கொண்டுவரவும் வழியில்லை. ‘எனக்குப் பசிக்கிறது’ என்பதிலாவது ‘வயிறு’ என்று ஒன்றைச் சேர்த்துச் சமாளிக்கலாம். இங்கே அந்த வாசலும் அடைபட்டிருக்கிறது. எழுவாய் என்பது முதல் வேற்றுமைப் பெயர் என்று மட்டும் வைத்துக்கொண்டால், இவை எழுவாயே இல்லாத முழு வாக்கியங்கள். தமிழ் பேசும் யாருக்கும் இவை அரைகுறையாகப் படுவதில்லை.

ஆனால் எழுவாயை வேற்றுமையால் அல்லாமல் நடத்தையால் அடையாளம் காண முயன்றால் கதை மாறுகிறது. ‘தன்’ என்ற சொல் அதற்கு நல்ல கருவி. ‘மீனாள் உமையாளுக்குத் தன் புத்தகத்தைக் கொடுத்தாள்’ என்றால் புத்தகம் மீனாளுடையது. உமையாளுடையது என்று யாரும் படிக்கமாட்டார்கள். ‘உமையாளுக்கு’ என்பது நான்காம் வேற்றுமையில் இருக்கிறது. ‘தன்’ அதைச் சட்டை செய்யவில்லை. இப்போது ‘உமையாளுக்குத் தன் புத்தகத்தைப் பிடிக்கும்’ என்று எழுதுங்கள். அதே ‘உமையாளுக்கு’, அதே நான்காம் வேற்றுமை. ஆனால் ‘தன்’ இப்போது உமையாளைக் குறிக்கிறது. உருபு மாறவில்லை. மாறியது அந்தப் பெயர் வாக்கியத்தில் வகிக்கும் இடம். முதல் வாக்கியத்தில் மீனாள் வகித்த இடத்தில் இரண்டாம் வாக்கியத்தில் உமையாள் இருக்கிறாள் என்று கொள்வது இயல்பு. ஐஸ்லாந்து மொழியிலும் இப்படி நான்காம் வேற்றுமைப் பெயர்கள் எழுவாய்க்குரிய பல சோதனைகளில் தேறுகின்றன என்று சேனன், மேலிங், த்ராயின்சன் மூவரும் 1985-இல் விரிவாகக் காட்டினார்கள். ஆகையால் எழுவாயின் இடம் என்று ஒன்று இருக்கிறது, அதில் முதல் வேற்றுமை அல்லாத பெயரும் அமரலாம் என்ற கருத்துக்கு இப்போது நல்ல ஆதரவு இருக்கிறது. ஓர் எச்சரிக்கை மட்டும். ‘தன்’ எப்போதும் எழுவாயை மட்டுமே நாடுவதில்லை. யாருடைய பார்வையில் செய்தி சொல்லப்படுகிறதோ அவரையும் நாடும். ஆகவே இந்த ஒரு சோதனையை மட்டும் வைத்துத் தீர்ப்பு எழுதக் கூடாது.

இடம் இருக்கிறது என்பது ஒன்று, அது எப்போதும் நிரம்பியிருக்க வேண்டும் என்பது வேறொன்று. ‘மழை வரும் போலிருக்கிறது’ என்பதில் அந்த இடத்தில் என்ன இருக்கிறது? ஈபிபி எல்லா மொழிக்கும் பொது என்று நம்புகிறவர், ஒலியும் இல்லாத பொருளும் இல்லாத ஓர் எழுவாய் அங்கே உட்கார்ந்திருக்கிறது என்பார். நம்பாதவர், அங்கே ஒன்றும் இல்லை, தமிழ் அதைக் கேட்கவும் இல்லை என்பார். நான் இரண்டாமவர் பக்கம் சாய்கிறேன். தோன்றா எழுவாய்க்குச் சோதனை இருக்கிறது: அதை வெளியே கொண்டுவரலாம், ‘தன்’ அதைக் குறிக்கலாம். ஒலியும் பொருளும் இல்லாத ஒன்றுக்கு நான் அறிந்த எந்தச் சோதனையும் பிடிகொடுப்பதில்லை. விதியைக் காப்பாற்றுவதற்காக மட்டுமே ஒரு பொருளை அனுமானிப்பது எனக்கு ஏற்புடையதாக இல்லை. ஆனால் இது என் சாய்வு மட்டுமே. இதை நிரூபிக்க முடியாமல் போவதற்கும் ஒரு காரணம் இருக்கிறது. ஆங்கிலத்தில் எழுவாய்க்கும் வினைக்கும் நடுவே துணைவினைகள் நிற்பதால், எழுவாய் எந்தப் படியில் நிற்கிறது என்று கண்ணால் காணலாம். தமிழில் காலமும் எதிர்மறையும் துணைவினையும் எல்லாம் வாக்கியத்தின் கடைசியில் ஒட்டிக்கொள்கின்றன. எழுவாய் கீழ்ப்படியில் நின்றாலும் மேற்படிக்கு ஏறினாலும் சொற்களின் வரிசை ஒன்றாகவே இருக்கும். வரிசையைப் பார்த்து எந்த முடிவுக்கும் வர இயலாது.

படி என்று சொன்னேன். அதை விளக்க வேண்டும். 1980-களில் ஒரு பெரிய மாற்றம் நடந்தது. எழுவாய் தொடக்கத்திலிருந்தே வாக்கியத்தின் தலைமாட்டில் பிறப்பதில்லை, வினைக்குப் பக்கத்தில் பிறந்து பிறகு மேலே ஏறுகிறது என்ற கருத்து வலுப்பெற்றது. டொமினிக் ஸ்போர்டிஷ் 1988-இல் காட்டிய சாட்சி எளிமையானது. ‘தி சில்ட்ரன் ஹாவ் ஆல் லெஃப்ட்’ என்பதில் ‘ஆல்’ குழந்தைகளோடு சேர்ந்த சொல். குழந்தைகள் மேலே போய்விட்டார்கள், ‘ஆல்’ பழைய இடத்திலேயே தங்கிவிட்டது. இந்தக் கருத்தை ஏற்றுக்கொண்டால் உங்கள் கேள்வியே உருமாறிவிடும். வினைக்கு வேண்டிய எழுவாய் கீழேயே கிடைத்துவிட்டது. பிறகு ஏன் ஏற வேண்டும்? கீழே இருப்பது ஏறாவிட்டால் ஏன் ‘தேர்’ என்று ஒன்றைக் கொண்டுவந்து மேலே வைக்க வேண்டும்?

இதற்குச் சொல்லப்பட்ட காரணங்களில் என் மனத்துக்கு நெருக்கமானது சூசன் ராத்ஸ்டைன் 1983-இல் தன் முனைவர் பட்ட ஆய்வில் சொன்னது. பயனிலை என்பது தன்னளவில் நிறைவு பெறாத ஒன்று. யாரைப் பற்றி, எதைப் பற்றி என்று ஒன்று சேர்ந்தால்தான் அது முடியும். ஆகவே எழுவாய் தேவைப்படுவது பயனிலையின் இயல்பிலிருந்தே வருகிறது. எழுவாய், பயனிலை என்று இணையாகவே படித்து வளர்ந்த நமக்கு இது உடனே பிடித்துவிடும். விதியை வெறும் கட்டளையாக விடாமல் காரணம் தேடிய முதல் முயற்சிகளில் இதுவும் ஒன்று என்பதால் எனக்கு இதன்மேல் தனி மரியாதை உண்டு. ஆனால் ‘தேர்’ என்பது எதைப் பற்றியும் அல்ல. பொருள் இல்லாத ஒன்று பயனிலையை நிறைவு செய்கிறது என்றால், அந்த நிறைவு பொருளைச் சார்ந்தது அல்ல, வடிவத்தைச் சார்ந்தது என்று ராத்ஸ்டைன் வழியில் ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கிறது. அங்கே விளக்கம் பாதி வலுவிழந்து போகிறது.

சோம்ஸ்கி 1995-இல் அந்தத் தேவையைக் காலம் காட்டும் உறுப்பின் ஒரு பண்பாக வைத்தார். 2000-இல் அதை ஈபிபி பண்பு என்றே அழைத்தார். பெயர் வைத்தது விளக்கியது ஆகாது. இதை அந்தத் துறைக்காரர்களே குறையாகச் சொல்லியிருக்கிறார்கள். 1998-இல் ஆர்ட்டெமிஸ் அலெக்சியாடுவும் எலெனா அனக்னோஸ்டோபூலுவும் கிரேக்கத்தை வைத்து வேறொன்று சொன்னார்கள்: விகுதி வளமான மொழிகளில் வினையே மேலே ஏறித் தன் விகுதியால் அந்தத் தேவையைத் தீர்த்துவிடுகிறது, எழுவாய் ஏற வேண்டியதில்லை. அழகான கருத்து. ‘வரவில்லை’யும் ‘சாப்பிட்டாயிற்று’ம் இருக்கும் தமிழில் இதை எப்படிப் பொருத்துவது என்று எனக்குத் தெளிவில்லை. வேற்றுமையே காரணம், ஈபிபி என்று தனியாக ஒன்று வேண்டாம் என்பாரும் உண்டு. 2013-லும் 2015-லும் சோம்ஸ்கி எழுதிய கட்டுரைகள் புதிய வழி ஒன்றைத் திறந்தன: சொற்கள் சேர்ந்து உருவாகும் ஒவ்வொரு தொகுதியும் இன்ன வகை என்று அடையாளம் பெற வேண்டும்; ஆங்கிலத்தில் காலம் காட்டும் உறுப்பு விகுதி வலிமை இல்லாததால் தனியாக நின்று அந்த அடையாளத்தைத் தர முடியவில்லை; எழுவாய் பக்கத்தில் வந்து இயைந்தால்தான் தர முடிகிறது; இத்தாலியத்தில் அது தனித்தே தரும். மொழிகளுக்கு இடையேயான வேறுபாட்டுக்குக் காரணம் சொல்வது இதன் பலம். விகுதி வலிமை எது, பலவீனம் எது என்று அளக்கும் கோல் இன்னும் சரியாக வகுக்கப்படாதது இதன் பலவீனம். தமிழ் போல ஒரே மொழிக்குள் ‘வந்தேன்’ என்ற வளமான வடிவமும் ‘வரவில்லை’ என்ற வறண்ட வடிவமும் அருகருகே இருந்தால் என்ன செய்வது என்ற கேள்விக்கு நிறைவான பதிலை நான் எங்கும் படித்ததில்லை. மொழியியல் படிக்கும் இளைஞர் யாராவது இதைப் படித்தால், முனைவர் பட்டத்துக்கு வேறு தலைப்பைத் தேட வேண்டாம் என்பேன்.

வகுப்பறைக்கு வருகிறேன். ‘இஸ் ரெய்னிங்’ என்று எழுதும் மாணவன் கவனக்குறைவால் எழுதவில்லை. அவன் தமிழ் இலக்கணம் அவனிடம் சரியாக வேலை செய்கிறது என்பதற்கு அடையாளம் அது. அவனிடம் ‘எல்லா மொழியிலும் எழுவாய் வேண்டும்’ என்று சொல்ல வேண்டாம். அது உறுதியாகத் தெரியாத செய்தி. ‘ஆங்கிலக் கூற்று வாக்கியத்தில் வினைக்கு முன்னால் ஒரு சொல் கட்டாயம், பொருளில் ஆள் இல்லாவிட்டால் ஆங்கிலம் ‘இட்’ அல்லது ‘தேர்’ வைத்துக்கொள்கிறது’ என்று சொல்லுங்கள். அது உறுதியாகத் தெரிந்த செய்தி. ‘போலிருக்கிறது’, ‘தெரிகிறது’, ‘பிடிக்கும்’ என்று முடியும் வாக்கியங்களைக் கரும்பலகையில் எழுதி, இவற்றில் எழுவாயைக் கண்டுபிடியுங்கள் என்று ஒரு பாடவேளை விட்டுப்பாருங்கள். எங்கெங்கே ‘இட்’ வேண்டும் என்பதை அவர்களே பட்டியல் போட்டுவிடுவார்கள்.

கடைசியாக ‘லுக்ஸ் லைக் ரெயின்’. இது விதியைக் கவிழ்ப்பதில்லை. நாட்குறிப்பிலும் அவசரக் குறிப்பிலும் சாதாரணப் பேச்சிலும் ஆங்கிலம் எழுவாயை விடுகிறது. நாட்குறிப்பு நடையை லிலியான் ஹேக்மன் தனியாகவே ஆராய்ந்திருக்கிறார். ஆனால் அந்தச் சலுகை பொதுவாக முதன்மை வாக்கியத்தின் தொடக்கத்தில் மட்டும்தான். ‘ஷி சேஸ் தட்’ என்று ஆரம்பித்து உள்ளே ‘லுக்ஸ் லைக் ரெயின்’ என்று தொடர முடியாது. அங்கே ‘இட்’ திரும்பி வந்தாக வேண்டும். ‘லுக்ஸ் லைக் ரெயின்’ என்பதைக் கேள்வியாக மாற்றினாலும் அப்படியே: ‘டஸ் லுக் லைக் ரெயின்’ என்று எந்த ஆங்கிலேயரும் கேட்பதில்லை. தமிழில் ‘மழை வரும் போலிருக்கிறது என்று சொன்னாள்’ என்று எவ்வளவு ஆழத்தில் வைத்தாலும் ஒன்றும் ஆவதில்லை. இத்தாலியமும் தமிழும் விடுவது ஒரு வகை, ஆங்கிலம் நாட்குறிப்பில் விடுவது வேறு வகை என்று பிரித்துவைப்பதற்கு இந்த ஒரு சோதனையே போதும். உங்கள் வகுப்பில் மேல்நிலை மாணவர்கள் இருந்தால் அவர்களையே செய்துபார்க்கச் சொல்லலாம்.